கோச்சிக்கே பின்னால ஆள் வேணும்

வாங்க தம்பிமாரே, வாங்க. இஸ்தோப்புல எடம் இருக்கு, குந்துங்க. அந்தச் சைக்கிள மட்டும் சுவத்துல சாத்திராதீங்க. இது வெள்ளக்காரத் தொர கட்டின லயம். ஆறு லட்சம் ரூவாச் சாமானத் தாங்குற பழக்கம் இந்தச் சுவத்துக்குக் கெடையாது.

ஆறு லட்சம்னு பேராண்டி சொன்னப்பவே நான் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுட்டேன். 2024ல ஒரு நாள் சம்பளத்த 1,350 ரூவா ஆக்கினாங்கல்ல? அதால வகுத்துப் பாத்தா 444 நாள் பேரு. அதுவும் மழை பேஞ்சு ரப்பர்ப் பால்வெட்டு நிக்காம இருந்தா. நம்ம பக்கம் மழை எப்பிடின்னு ஒங்களுக்கே தெரியும். அப்ப ரெண்டு வருசத்துக்குப் பால் வெட்டினா இந்த ஒரு சைக்கிளு. நல்ல வேளையா இதுல மணி இல்ல, மட்காட் இல்ல, கெரியர் இல்ல, ஸ்டாண்டும் இல்ல. இருந்திருந்தா இன்னும் என்னா வெல சொல்லியிருப்பானோ. எங்கப்பாகிட்ட ஒரு ரலி சைக்கிள் இருந்துச்சு. அதுல இத்தனையும் இருந்துச்சு, டைனமோ லைட்டும் இருந்துச்சு. வீட்டுக்காரியையும் அரிசி மூட்டையையும் ஒன்னா ஏத்திக்கிட்டு ரம்புக்கனை டவுன்ல இருந்து வருவாரு. ஏத்தம் வந்தா மூட்டைய வச்சிக்கிட்டு எங்கம்மாவ எறங்கச் சொல்லுவாரு. அது வேற கதை.

போன நிக்கினிப் போயாவுக்கு நீங்க வந்தது இந்த லயத்துல இன்னும் பேச்சா இருக்கு. எட்டுப் பேரு போனீங்க. அஞ்சு பேரு சைக்கிள்ல வந்தீங்க, ரெண்டு பேரு ஆட்டோவுல வந்தீங்க, ஒருத்தன என் வீட்டுக்காரி, பேராண்டியோட அப்பாயி, கூட்டிக்கிட்டு வந்தா. இன்னக்கித் திரும்பவும் வந்திருக்கீங்க. ஒங்க ரோசத்த நான் மெச்சுறேன். ஆனா போறதுக்கு முந்தி கெழவன் பேச்சு நாலு கேட்டுட்டுப் போங்க. சாயத்தண்ணி கொதிக்கிற நேரம் வரைக்கும்தான்.

நீங்க என்னமோ ஒத்தையடிப் பாதைதான் வேணும்னு தேடி வந்திருக்கீங்களாமே. அகலமான ரோட்டுல போனா மதிப்பு இல்லையாம். சிரிப்பா இருக்கு. இந்த மலைப் பாதைகள ஒத்தையடியாவே வச்சிருந்தது யாருன்னு தெரியுமா? கண்டி ராசா. நாக்ஸ்னு ஒரு வெள்ளக்காரன் 1660ல ராசா ஆளுங்க கையில மாட்டி, பத்தொன்பது வருசம் கெடந்து, 1679ல ஓடித் தப்பிச்சான். ஊருக்குப் போயி 1681ல ஒரு புத்தகம் போட்டான். அதுல எழுதி வச்சிருக்கான்: பாதைய அகலப்படுத்த ராசா விடமாட்டாராம், கணவாய்க்குக் கணவாய் முள்ளுப் படலை போட்டுக் காவல் வச்சிருந்தாராம். எதிரி வந்தா ஒருத்தன் பின்னால ஒருத்தனாத்தான் வரனும், வந்தா மேல நிக்கிறவனுக்கு வேல லேசு. அந்தா, பலனைப் பக்கம் பாருங்க, அங்கதான் கோட்டை இருந்துச்சு. போர்த்துக்கீசக்காரன் பீரங்கியத் தூக்கிக்கிட்டு வந்து மூச்சு வாங்கின மலை அது. ஆக, ஆள் வராம இருக்கனும்னே வச்ச பாதைக்கு நீங்க காசு குடுத்து, தலைக்கவசம் மாட்டி, நெத்தியில கேமராவும் கட்டிக்கிட்டு வர்றீங்க. ராசா இருந்திருந்தா ஒங்களப் புடிச்சிருக்க மாட்டாரு. பரிதாபப்பட்டு விட்டிருப்பாரு. நாக்ஸ் பத்தொன்பது வருசம் இங்க கைதி, நான் முப்பத்தொரு வருசம் கங்காணி. ரெண்டு பேருமே வெளிய போற வழியப் பாத்துக்கிட்டு இருந்தவங்கதான்.

தோட்டத்துப் பாதைங்க மட்டும் வேற கணக்கு. அது ராசா போட்டதும் இல்ல, தொர போட்டதும் இல்ல. தொர கைய நீட்டிக் காட்டினாரு, போட்டது காலு. 1823ல இருந்து மன்னாருப் பக்கம் எறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த சனம். கோப்பி மூட்டையச் சொமந்து, பொறகு கொழுந்து சொமந்து, இந்தப் பக்கம் பால் வாளி சொமந்து நடந்த நடையில உண்டான பாதை. இப்ப அதுக்கெல்லாம் மவுசு வந்திருச்சு. ஹந்தானையில இருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல, இருபத்திரண்டு கட்டமா, பெக்கோ ட்ரெயில்னு பேரு வச்சி வெளிநாட்டுக்காரங்க நடக்குறாங்க. நடக்கட்டும், நல்லதுதான். எங்க காலத்துல அதுக்குப் பேரு பெக்கோவும் இல்ல, ட்ரெயிலும் இல்ல. பிந்திப் போனா அரப்பேரு, அரநாள் சம்பளம், அவ்வளவுதான்.

ஒங்களுக்கும் ஒரு கங்காணி இருக்காருன்னு கேள்விப்பட்டேன். ஸ்ட்ராவாவாமே? போனுக்குள்ள குந்திக்கிட்டு யாரு எத்தன மைல் போனான், எத்தன நிமிசத்துல போனான், எங்க நின்னு மூச்சு வாங்கினான்னு எழுதி வைக்கிறாராம். நானாவது மழை பேஞ்சா கண்ண மூடிக்குவேன்டா தம்பி. ஒரு பொம்பள புள்ளைக்குப் பால் குடுக்கப் போனா திரும்பி நின்னுக்குவேன். இந்தக் கங்காணிக்கு இரக்கமே இல்ல போலிருக்கு. போன தடவ ஒங்கள்ல ஒருத்தன் விழுந்து, மொழங்கால் பேந்து கெடக்குறான், எழும்பி மொதல்ல கேட்டது என்னா? “நிப்பாட்டிட்டீங்களா, ஓடுதா?” அவன் கேட்டது ரத்தத்தப் பத்தின்னு நெனச்சி நான் துணியக் கிழிச்சேன். அவன் போனப் பத்திக் கேட்டிருக்கான்.

சரி, விசயத்துக்கு வாறேன். நம்ம ஊரு ரம்புக்கனை எதுக்குப் பேரு போனது? கேட்டா எல்லாரும் பின்னவலை ஆனைன்னு சொல்லுவீங்க. 1975ல தொடங்கின ஆனை மடம், மகா ஓயாவுல குளிக்கிறத வந்து பாக்குறாங்க, வாஸ்தவம். ஆனா என்னையக் கேட்டா ரம்புக்கனைக்குப் பெரும அது இல்ல. டேசன். 1867ல கண்டிக்குக் கோச்சிப் பாதை போட்டு முடிச்சாங்க. கொழும்புல இருந்து இது வரைக்கும் கோச்சி மைனர் மாதிரி ஓடி வரும். ரம்புக்கனையத் தாண்டினா அந்த மைனர்த்தனம் செல்லாது. கடுகண்ணாவ வரைக்கும் இருபது கிலோமீட்டர் மாதிரி தூரம், அதுக்குள்ள ஆயிரம் அடிக்கு மேல ஏறனும். நாப்பத்திநாலு அடி போனா ஒரு அடி ஏத்தம். என்னா பெரிய ஏத்தம்னு நெனப்பீங்க. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்துல ஏறுதுப்பா, மழைக்கு எண்ணெயத் தடவுனாப்புல இருக்கும். அதுக்காகக் கரிக்கோச்சி காலத்துல இங்க நிப்பாட்டி, பின்னால இன்னொரு எஞ்சினக் கொண்டாந்து மாட்டுவாங்க. முன்னுக்கு ஒன்னு இழுக்கும், பின்னுக்கு ஒன்னு தள்ளும். சின்ன வயசுல அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்க முழிப்போம். ஒன்னு ஊதும், மத்தது எங்கேயோ வளைவுக்குப் பின்னால இருந்து பதிலுக்கு ஊதும், புருசன் பொஞ்சாதி மாதிரி.

அத்தன பெரிய எஞ்சினுக்கு, “என்னால ஒத்தையில முடியாது, வந்து தள்ளு”ன்னு கேக்க வெக்கம் இல்ல. ஒங்களுக்கு எறங்கித் தள்ள வெக்கம்! நம்ம மேமலை ஏத்தத்துல, அந்தப் பலாமரத்துக்கிட்ட, ஒருத்தன் கியர மாத்தி மாத்தி, மொகம் செவந்து, நாக்குத் தள்ளி, சில்லு நின்ன எடத்துலயே சுத்துது, எறங்குறேன்னானா? மாட்டேன்ட்டான். பொறகு சைக்கிள்தான் அவன எறக்கி விட்டுச்சு. அந்த நேரம் பாத்து அப்பாயி ரெண்டு வாளிப் பாலோட அவனத் தாண்டிப் போறா. “என்னா ராசா, காத்து வாங்குறீங்களா?”ன்னு ஒரு கேள்வி. எழுபது வயசுக்காரி, அவ கேக்கலாம்.

இன்னொன்னும் அந்த எஞ்சின்கிட்ட இருக்கு. இழுக்குற எஞ்சினத்தான் எல்லாரும் பாப்பாங்க. தள்ளுறது பொகைக்குள்ள எங்கேயோ கெடக்கும். ஆனா ஏத்தத்துல கொக்கி கழண்டு ஒரு பெட்டி பின்னுக்கு உருளப் பாத்தா, தாங்குறது அதுதான். நீங்க என்னா செஞ்சீங்க? கூட்டத்துல கெட்டிக்காரன் எவனோ அவன் முன்னால பறந்தான். அவன் பின்னால அவனுக்கு அடுத்த கெட்டிக்காரன். இப்பிடியே தெறமை வரிசையாப் போயி, கடைசியா வந்தது யாரு? மொத நாளு வந்த அந்தச் சின்னப் பய. ஓட்டத் தெரியாதவனக் கடைசியில விட்டுட்டு எல்லாரும் போயிட்டா, அவன் விழுந்தது யாருக்குத் தெரியும்? கானுக்குள்ள கெடந்தான், சைக்கிள் மேல, அவன் கீழ. முக்கா மணித்தியாலம். கெட்டிக்காரன் மேல பாறையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தான், ஏழு பேரு போட்டோவுல இருக்குறத யாரும் எண்ணிப் பாக்கல. அப்பாயி பால் ஊத்திட்டுத் திரும்பி வர்றப்ப கானுக்குள்ள இருந்து, “பாட்டி, பாட்டி”ன்னு ஒரு சத்தம். மொதல்ல மோகினின்னு நெனச்சாளாம். பொறகு மோகினிக்கு எதுக்குத் தலைக்கவசம்னு எட்டிப் பாத்திருக்கா.

அதால இன்னக்கிப் பெரட்டு எடுத்துட்டுத்தான் போகனும். கங்காணி காலையில என்னா செய்வான்? ஆள எண்ணுவான், கத்தியப் பாப்பான், யாருக்குக் காச்சல்னு கேப்பான், பொறகு மலை பிரிச்சுக் குடுப்பான். நீங்களும் எண்ணுங்க. பிரேக்க அழுத்திப் பாருங்க. எவன் கெட்டிக்காரனோ அவன் கடைசியில வரனும். ஒவ்வொரு பிரிவுப் பாதையிலயும் முன்னால போனவன் நிக்கனும், கடைசி ஆள் கண்ணுல பட்டப் பொறகு நகரனும். கெட்டிக்காரனுக்கு மொகம் சுருங்குது பாருங்க. சுருங்கட்டும். அவன் பேர ஸ்ட்ராவாக் கங்காணி எழுதாட்டி நான் எழுதிக்கிறேன்.

எறக்கத்தப் பத்தி ஒங்களுக்கு நான் என்னாத்தச் சொல்லித் தர? பேராண்டி சொன்னான், இந்த வெளயாட்டே அமெரிக்காவுல ஒரு மலையில தொடங்கினதாம். கலிபோர்னியாவுல, பேரு டமால்பைஸ். பேரக் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிருச்சு, டமால்னு விழுந்து பைசாவுக்கு ஒதவாமப் போறதுன்னு. 1976 அக்டோபர் 21ஆந் தேதி அதுக்குப் பக்கத்துல மொத ரேஸ் விட்டாங்களாம். சார்லி கெல்லியும் அவன் கூட்டாளிங்க சில பேரும். சைக்கிள் என்னா சைக்கிள்? ஒங்கள மாதிரி ஆறு லட்சம் இல்ல. பழைய இரும்புக் கடையில கெடந்த தடிச்ச டயர் சைக்கிளு, பெடலப் பின்னுக்கு மிதிச்சா நிக்கிற பிரேக்கு. எறங்கி வர்றதுக்குள்ள பிரேக் சூடாகி உள்ள இருந்த கிரீஸ் அத்தனையும் பொகையாப் போயிருமாம். ஒவ்வொரு தடவயும் புதுசாக் கிரீஸ் அடைக்கனும், அதாலயே அந்தப் பாதைக்கு ரீபேக்னு பேராம். இருபது வருசத்துல, 1996ல, ஒலிம்பிக்ல சேத்துட்டான் வெள்ளக்காரன். நாங்களும் அதையேதான் செஞ்சோம், பாக்கு மட்டையில. ஒருத்தன் குந்துவான், ரெண்டு பேரு தள்ளுவாங்க, மேமலையில இருந்து பால் ஸ்டோர் வரைக்கும் வந்துருவோம். பிரேக் சூடாகல, நாங்க குந்தின எடந்தான் சூடாச்சு. எங்களுக்கு ஒலிம்பிக்காரன் ஒருத்தனும் வரல. கணக்கப்புள்ள வந்தாரு, கையில கம்போட.

பாக்கு மட்டையில படிச்சது ரெண்டே ரெண்டு. எறக்கத்துல ஒடம்பு பின்னுக்குச் சாயனும். எந்தப் பக்கம் பாக்குறியோ அந்தப் பக்கந்தான் போவ. குழியப் பாத்தா குழிக்குள்ள, மரத்தப் பாத்தா மரத்துல. அப்பாயிட்டக் கேளுங்க, தலையில பால் வாளிய வச்சிக்கிட்டு எறங்குறவ வேர எண்ணிக்கிட்டா வருவா? கால் வைக்கிற எடத்தத்தான் பாப்பா. வேரு குறுக்க கெடந்தா நேராத் தாண்டுங்க, சாச்சு ஏறினா சில்ல இழுத்துட்டுப் போயிரும். முன் பிரேக்க மட்டும் அமுக்கினா சைக்கிள் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க.

நிக்கினியில வந்தப்ப ஒங்களக் கவுத்தது ரப்பர் கொட்டை. ஆவணி வெயிலுக்குக் காய் டப்பு டப்புன்னு வெடிச்சிக் கொட்டை பாதையெல்லாம் செதறிக் கெடக்கும், போளை உருண்ட மாதிரி. அதுக்கு மேல ஆறு லட்சமும் ஒன்னுதான், ஆறு ரூவாயும் ஒன்னுதான். இப்பத் தை மாசம், கொட்டை இல்ல. எல கொட்டுற காலம். மேல பாத்தா மரமெல்லாம் மொட்டை, கீழ பாத்தா மெத்த விரிச்சாப்புல எல. போட்டோவுக்கு நல்லாருக்கும். மெத்தைக்கு அடியில கானு இருக்கும், வேரு இருக்கும், சருகு நெறத்துல சுருண்டு கெடக்குற விரியன் இருக்கும். கானு எங்க இருக்குன்னு எப்பிடித் தெரியும்? தெரியாது. அதாலதான் புது மலைக்குள்ள மொதத் தடவ மெதுவாப் போ, ரெண்டாந் தடவ வேகத்தக் காட்டுன்னு சொல்றது. எலச் சருகுல விரியன் கடிச்சா சூட்டுக்கோல் வைக்கிற வேலை, கயித்தால இறுக்கிக் கட்டுற வேலை, ஒன்னும் வேணாம். கால அசைக்காமத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

அந்தப் பாட்டுப் பொட்டிய இங்கயே வச்சிட்டுப் போங்க. பாட்டு மோசம்னு சொல்லல, போன தடவ நானும் தாளம் போட்டேன். கொளவிக்குப் புடிக்காது. பேப்பர்ல பாக்குறீங்கல்ல, கொளவி கொட்டித் தொழிலாளிங்க வைத்தியசாலையிலன்னு? அது பாட்டுக்கு மரத்துல கூடு கட்டியிருக்கும், பருந்து வந்து கலைச்சிட்டுப் போயிரும், கொட்டு கீழ நிக்கிறவனுக்கு. ரீங்காரம் கேட்டா நின்னு வீடியோ எடுக்காதீங்க. மொகத்தப் பொத்திக்கிட்டு வந்த வழியே ஓடுங்க, சைக்கிள விட்டுட்டு ஓடுங்க. சைக்கிளக் கொளவி ஒன்னும் செய்யாது.

சிரிக்காமக் கேக்க வேண்டிய ரெண்டு இருக்கு. காட்டு ஓரத்துல பாதைய விட்டு எறங்காதீங்க. பன்னிக்குன்னு சில பேரு கட்டுத்துவக்கு வைக்கிறாங்க, கம்பிச் சுருக்கு வைக்கிறாங்க. சட்டப்படி குத்தம், ஆனா வைக்கிறாங்க. சிறுத்தை கூட அந்தச் சுருக்குல மாட்டிச் சாவுது. துவக்குக்குப் பன்னிக் காலும் ஒன்னு, பெடல் மிதிக்கிற காலும் ஒன்னு. குறுக்குப் பாதை தேடுற புத்தி கொழும்பு ரோட்டோட இருக்கட்டும்.

மத்தது மழை. 2016 மே மாசம் 17ஆந் தேதி, இதே கேகாலை மாவட்டத்துல, அரநாயக்கப் பக்கம் சாமசர மலை சரிஞ்சு ஊரே மண்ணுக்குள்ள போயிருச்சு. நூத்துக்கு மேல சனம். அதுக்கு முன்னால ரெண்டு மூனு நாளா விடாத மழை. அதால வானம் கறுத்துப் பேய ஆரம்பிச்சா, ஏத்தத்துல நீங்க பாதி தூரம் போயிருந்தாலும் சரி, திரும்பிருங்க. மரம் சாஞ்சிருக்கா, நெலம் புதுசா வெடிச்சிருக்கா, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கி வருதா, கண்ணு வச்சிக்கோங்க. இதுல நையாண்டி இல்ல.

கோச்சிப் பாதையில சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்ற நெனப்பு இருந்தா அதையும் இங்கயே எறக்கி வச்சிருங்க. அலகல்ல மலையப் பாக்க இஹலகோட்டையில எறங்குறவங்க சில பேரு தண்டவாளத்துல நின்னு போட்டோ எடுக்குறாங்க. வளைவும் குகையும் உள்ள பாதை, கீழ எறங்குற கோச்சிச் சத்தம் காதுக்கு வர்றதுக்கு முந்தி கோச்சியே வந்துரும்.

தின்ன என்னா கொண்டாந்தீங்க? இதா? சாக்கலேட்டு மாதிரி இருக்கு, மரத்தூள் மாதிரி கடிக்குது. ஒன்னு நானூறு ரூவாயா? அட கடவுளே. அப்பாயி தேங்கா ரொட்டியும் கட்டச் சம்பலும் சுருட்டி வச்சிருக்கா, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு சட்டப் பையில போட்டுக்கோங்க. மேமலையில நாக்கு வறண்டா வாயில அடக்கிக்கங்க. வழியில கிராமத்து ஆளுங்க எதிர வந்தா சைக்கிள நிப்பாட்டி வழி விடுங்க, அது அவங்க பாதை. கடை முக்குல ஒரு சிங்களத்து சீயா குந்தியிருப்பாரு, ஒங்களப் பாத்ததும் “பரிஸ்ஸமென் யன்ன”ம்பாரு. பாத்துப் போங்கன்னு அர்த்தம். என் பேச்ச இத்தன நேரம் கேட்டீங்க, அவரு ரெண்டு வார்த்தையில முடிச்சிருவாரு.

சாயத்தண்ணி வந்திருச்சு, குடிங்க. எட்டுப் பேரும் இருக்கீங்களா? ஒன்னு, ரெண்டு... சரி, எட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதே இஸ்தோப்புல திரும்ப எண்ணுவேன். கொறஞ்சா எல்லாருக்கும் அரப்பேரு.

போறதுக்கு முந்தி இன்னொன்னு. போன தடவ அட்டைக்கின்னு எட்டுப் பேரும் காலெல்லாம் தேச்சித் தீத்தீங்களே, அது அப்பாயி குளிக்கிற சவுக்காரம். அஞ்சு மாசமாச் சொல்லிக் காட்டுறா. கொண்டாந்தீங்களா?